தகப்பனாருடன் வரவும்

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள் அக்கா. எனக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. அந்தக் கம்பெனியின் மதில்சுவர் இன்னும் ஒரு கிலோமீட்டர் கூடவே வரும். அதைப் பார்த்தால் எனக்குத் துப்பத் தோன்றும். நீங்கள் வேறு நல்ல புடவையாகக் கட்டியிருக்கிறீர்கள்.

இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வருகிறேன். கிடைத்ததா என்று கேட்காதீர்கள். இனிமேல் ஊரில் எல்லாரும் அதைத்தான் கேட்கப்போகிறார்கள். உள்ளே என்ன நடந்தது என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். நீங்களும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். வாலாஜாபாத் வருகிற வரைக்கும் எனக்கும் வேறு வேலை இல்லை.

என் பேர் சங்கவி. பிளஸ் டூ முடித்திருக்கிறேன். மார்க் எவ்வளவு என்றால், பாஸ். போன மாசம் பதினெட்டு முடிந்தது. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவேன். பொய் மட்டும் எனக்கு வராது. அதற்காகவே ஸ்கூலில் பாதி நாள் வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறேன்.

அதோ, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில், தோளைச் சுற்றிப் பச்சைத் துண்டைப் போர்த்திக்கொண்டு வாயைத் திறந்து தூங்குகிறாரே, அவர்தான் இன்றைக்கு எங்கப்பா. இன்றைக்கு மட்டும். ஊரில் இறங்கியதும் பழையபடி மைக் செட் முனிரத்தினம் மாமா ஆகிவிடுவார்.

இப்போதுதானே பொய் வராது என்றாய் என்று பார்க்கிறீர்கள். அது என் பொய் இல்லை. கம்பெனி சொல்ல வைத்த பொய்.

காருக்குள் ஓடுகிற ஒயரையெல்லாம் கட்டுக்கட்டாகக் கட்டிக் கொடுக்கிற கம்பெனி அது. ஆள் எடுக்கிறார்கள் என்று வாட்ஸாப்பில் வந்தது. பெண்கள் மட்டும். பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு. கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. கடைசி வரி, தகப்பனாருடன் வரவும். வேலைக்குப் போகிறது நான், அப்பா எதற்கு? எங்கள் தெரு கீர்த்தனா போன வருஷம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். "நாளைக்கு உங்க வீட்டுக்காரர் கேட்ல வந்து நின்னு கத்தினா யாரும்மா பதில் சொல்றது" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பாருங்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று.

எங்கப்பா இருக்கிறார். பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. பொங்கலுக்கு வருவார், வந்தால் நாலு நாள் தூங்குவார், போய்விடுவார். நான் போன் செய்து சொன்னேன். "ஒரு கையெழுத்துக்கு நான் ரெண்டு நாள் வேலையை விடணுமா? நம்ம தெருவுல ஆம்பளையே இல்லையா? யாரையாவது இழுத்துக்கிட்டுப் போ" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். எங்கப்பா பிராக்டிகலான ஆள்.

தெருவில் ஆம்பளைகள் இருக்கிறார்கள். ஆனால் எல்லாருக்கும் பெண்டாட்டி இருக்கிறாள், அவள் நூறு கேள்வி கேட்பாள். மாமாவுக்குப் பெண்டாட்டி கிடையாது. அதனால்தான் அவர். வேறு ஒரு காரணமும் இல்லை. அம்மா போய்க் கேட்டதும் சரி என்றுவிட்டார். இன்றைக்கு அவருக்கு ஒரு காதுகுத்து ஆர்டர் இருந்ததாம், அதை வேறு ஆளுக்குக் கைமாற்றிவிட்டு வந்திருக்கிறார். யார் மாற்றச் சொன்னது? வேறு நாள் என்றால் நான் வேறு ஆளைப் பார்த்திருப்பேன்.

சனிக்கிழமை முழுக்க அவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். உங்கள் பேர் ஏழுமலை. என் பிறந்த தேதி இது. எது கேட்டாலும் "சரிங்க சார்", அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். எங்கப்பாவின் ஆதார் ஜெராக்ஸையும் கொடுத்தேன். அதில் இருக்கிற மூஞ்சி எங்கப்பாவுக்கே பொருந்தாது, அதனால் அந்தப் பயம் இல்லை. மாமா நான் சொன்னதோடு விடவில்லை. அம்மாவிடம் தனியாகப் போய் எனக்கு எந்த மாத்திரை சேராது, எப்போது என்ன அடி பட்டது என்றெல்லாம் விசாரித்திருக்கிறார். யார் கேட்கப்போகிறார்கள் அதையெல்லாம்?

காலையில் முதல் பஸ்ஸுக்கு வந்து நின்றார். முன்பக்கம் நல்ல வெள்ளைச் சட்டை. திரும்பினால் முதுகு முழுக்க நீல எழுத்து. முனிரத்தினம் ஒலி ஒளி அமைப்பு, கீழே போன் நம்பர். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"மாமா, இன்னிக்கு உங்க பேர் ஏழுமலை."

"தெரியும்மா."

"முதுகுல என்ன எழுதியிருக்கு?"

"இஸ்திரி போட்டது இது ஒண்ணுதாம்மா" என்றார்.

அதற்குள் பஸ் வந்துவிட்டது. வாலாஜாபாத்தில் இறங்கி ஒரு துண்டு வாங்கிப் போர்த்திவிட்டேன். கடையில் பச்சைதான் இருந்தது. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி அவரை நிறுத்தி, "விவசாய சங்கமா? மனு குடுக்கறதுன்னா கலெக்டர் ஆபீஸ் போங்க" என்றான். அவனுக்கு விளக்கம் சொல்லி உள்ளே போவதற்கே கால் மணி நேரம் ஆனது.

செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். போனை வாங்கிக் கவரில் போட்டார்கள். ஒரு ஹாலில் அறுபது பெண்களும் அறுபது அப்பாக்களும். சுவரில் பெரிய படம், ஒரு வெள்ளைக்காரப் பெண் கையை விரித்துக்கொண்டு சிரிக்கிறாள். கீழே "உன் கனவுக்கு நாங்கள் சிறகு" என்று எழுதியிருக்கிறது. நாங்கள் அறுபது பேரும் கறுப்பாக, வேர்த்துப்போய் அந்தச் சிறகுக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். ஃபேன் ஓடியது, காத்து அவர்கள் டேபிள் பக்கம் போனது.

முதலில் உன்னைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுது என்றார்கள். நான் கஷ்டப்பட்டு ஒரு பக்கம் எழுதினேன். என் ஊர், என் ஸ்கூல், எனக்குப் பிடித்த பாடம். அப்புறம் பார்த்தால் அந்தக் கட்டின் மேல் டீ கிளாஸை வைத்திருக்கிறார்கள். வட்டமாகக் கறை. மேலே இருந்தது என்னுடையது.

அப்புறம் ஒயர் டெஸ்ட். ஒரு டப்பாவில் கலர் கலராக ஒயர், அட்டையில் இருக்கிற வரிசைப்படி எடுத்துச் சொருக வேண்டும். எனக்கு நாற்பது செகண்ட்கூட ஆகவில்லை. பக்கத்துப் பெண் மூன்றாவது ஒயரில் இருந்தாள். நேரம் குறிக்கிறவன் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். "முடிச்சிட்டேன் சார்" என்றேன். "இரும்மா, ரிவ்யூ போயிருக்கு" என்றான். இவர்கள்தான் காருக்கு ஒயர் கட்டுகிறார்கள். நீங்கள் கார் வாங்கினால் யோசித்து வாங்குங்கள்.

இதெல்லாம் சும்மா. நிஜ இன்டர்வியூ மத்தியானம். டேபிளுக்கு அந்தப் பக்கம் ஹெச்.ஆர். மேடமும் ஒரு சாரும். இந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலி. அது எனக்கு என்று நினைத்தேன். இல்லை, அப்பாவுக்கு. நான் பின்னால் நிற்க வேண்டும். கடையில் துணியைக் காட்டுகிற மாதிரி அப்பா உட்கார்ந்து நம்மைக் காட்ட வேண்டும்.

எங்களுக்கு முன்னால் ஒரு அப்பா. அவரிடம் என்ன கேட்டாலும் சரிங்க சார். ரெண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது, சரிங்க சார். குலதெய்வம், திருவிழா என்று லீவு கேட்டு வந்து நிற்கக் கூடாது, சரிங்க சார். கடைசியில் அவராகவே, "அடிச்சுகூட வேலை வாங்குங்க மேடம், நாங்க ஒண்ணும் கேக்கமாட்டோம்" என்றார். மேடத்துக்கு ஒரே சிரிப்பு. உடனே செலக்ட். அந்தப் பெண்ணுக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. சந்தோஷம் போலிருக்கிறது. நான் மாமாவின் காதில் சொன்னேன், "பாத்துக்கங்க, அப்படித்தான் பேசணும்."

எங்கள் முறை வந்தது. என்னிடம் மூன்றே கேள்வி. உயரம் என்ன. கண்ணாடி போடுவாயா. மாசாமாசம் அந்த மூணு நாள் லீவு போடுவாயா. மூன்றாவதுக்கு, "நீங்க போடறீங்களா மேடம்" என்று கேட்டேன். முறைத்துவிட்டு மாமா பக்கம் திரும்பிவிட்டாள்.

"பேரு?"

"ஏழுமலை."

மைக் இல்லாமலே மைக் குரல் அவருக்கு. ஹாலே திரும்பிப் பார்த்தது.

"பொண்ணு போன் வெச்சிருக்காளா? யார்கிட்டயாவது பேசுவாளா?"

"அவங்க அம்மாகிட்ட பேசும் மேடம்."

"அதைக் கேக்கல. ரெண்டு வருஷத்துக்குக் கல்யாணம் பேசமாட்டேன்னு உறுதி குடுக்கறீங்களா?"

"அதுக்கு வயசு பதினெட்டுதானே மேடம் ஆவுது. கல்யாணம் அதோடது. நீங்க அதைத்தான் கேக்கணும்."

நாற்காலிக் காலை உதைத்தேன். ரெண்டு வார்த்தை அக்கா, சரிங்க சார். எல்.கே.ஜி. பிள்ளைகூடச் சொல்லிவிடும். அப்போதுதான் சார் அப்பா போட வேண்டிய சம்மத ஃபாரத்தை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து" என்றார். மாமா பேனாவை வாங்கினார். வாங்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

அந்த நோட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். மைக் செட் வேண்டும் என்று யார் போனாலும் அதைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார். எத்தனை மணிக்கு ஆரம்பம், எப்போது முடிப்பீர்கள், கரன்ட் எங்கிருந்து, மழை வந்தால் யார் பொறுப்பு, முடிந்ததும் பெட்டியை யார் கொண்டுவந்து விடுவது. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதாமல் ஒரு குழாய் ஸ்பீக்கர்கூடக் கொடுக்கமாட்டார். எம்.எல்.ஏ. வீட்டுக் கல்யாணத்தையே அரை நாள் காக்கவைத்த ஆள்.

"வேலை எத்தனை மணி நேரம் சார்?"

"எட்டு."

"எட்டுன்னா எட்டேவா?"

"ப்ரொடக்‌ஷன் இருந்தா பன்னெண்டு."

பன்னிரண்டு என்று எழுதினார். "எப்ப ப்ரொடக்‌ஷன் இருக்காது?"

சார் ஃபாரத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார். மாமா அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

"நைட் ஷிப்ட் முடிஞ்சா கம்பெனி பஸ் எங்க எறக்கும்?"

"மெயின் ரோட்டுல."

"அங்கேர்ந்து எங்க ஊரு மூணு கிலோமீட்டர் சார். ஒரு லைட்டு கிடையாது. யார் கொண்டாந்து விடறது?"

"அது உங்க பொறுப்பு."

"ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ் வாடகைக்கு எடுத்தாலே வாசல்ல கொண்டாந்து எறக்கணும் சார்."

"என்னது?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நின்னுக்கிட்டேதான் வேலையா?"

"ஆமா."

"இதுக்கு ஏழாவது படிக்கும்போது வலது முட்டியில அடிபட்டு ஒம்பது தையல். நாலு மணி நேரத்துக்கு மேல நின்னா வீங்கிரும். நடுவுல உக்கார ஸ்டூல் மாதிரி எதுனா போடுவீங்களா?"

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். அந்த முட்டியை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஃபாரத்தில் "உடல் குறை ஏதும் உண்டா" என்ற இடத்தில் இல்லை என்று எழுதியிருந்தேன். அது பொய் இல்லை. முட்டி வீங்குவது குறையில் சேராது.

மேடம் பேனாவை டேபிளில் தட்டினாள். "ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் ரெண்டு வருஷம் இங்கதான் இருக்கும். சம்மதமா, அதை மட்டும் சொல்லுங்க."

"நடுவுல அது நர்சிங் சேரணும்னா?"

நர்சிங். எந்த நர்சிங்? நானே மறந்துவிட்டேன் அக்கா. ஆறாவது படிக்கும்போது ஆண்டு விழாவில் பெரியவளாகி நர்ஸ் ஆவேன் என்று மேடையில் பேசினேன். அன்றைக்கு மைக் அவருடையது. ஆறாவதில் எல்லாப் பெண்களும்தான் நர்ஸ், டீச்சர், கலெக்டர் என்று பேசுகிறது. அதையெல்லாமா ஒரு மனுஷன் ஞாபகம் வைத்திருப்பார்?

சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ், நீ பொண்ணைச் சேக்க வந்தியா, எங்களை இன்டர்வியூ பண்ண வந்தியா?"

மாமா நோட்டை மூடவில்லை. "ரெண்டு பக்கமும் கேட்டுக்கிட்டாத்தானே சார் ஆர்டர்" என்றார்.

"வெளிய போய் உக்காருங்க. நாங்க பொண்ணுகிட்ட பேசிக்கறோம்."

எழுந்தார். துண்டு நாற்காலியிலேயே மாட்டிக்கொண்டது. அவர் கதவைப் பார்த்து நடக்க நடக்க, முதுகில் நீல எழுத்து ஹாலுக்கே தெரிந்தது. சார் எழுத்துக்கூட்டிப் படித்தார். மேடம் ஃபாரத்தைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

நான் செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் அவள் குரலைக் குறைத்துக்கொண்டு, ரொம்ப அன்பாக, "இங்க வாம்மா, உக்காரு" என்றாள். காலையிலிருந்து அப்போதுதான் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது.

"அந்த ஆளு உங்கப்பா இல்லதானே? பயப்படாத. இங்க நெறைய பேர் இப்படித்தான் யாரையாவது புடிச்சிக் கூட்டிட்டு வருதுங்க. எங்களுக்குத் தெரியும். ஒயர் டெஸ்ட்ல நீதான் ஃபர்ஸ்ட். அந்த ஆளு அப்பா இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லு, செக்யூரிட்டியை விட்டு வெளிய அனுப்பிடறோம். உங்கப்பாகிட்ட போன்லயே சம்மதம் வாங்கிக்கறேன். திங்கட்கிழமை வந்து ஜாயின் பண்ணு."

ஒரு வார்த்தை. அதுவும் உண்மையான வார்த்தை. சொன்னால் வேலை. நீல யூனிஃபார்ம், கழுத்தில் கார்டு, ஏறிப்போகக் கம்பெனி பஸ். தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இல்லையென்றால் திங்கட்கிழமை அம்மாவோடு ரைஸ் மில்லுக்குப் போய் வெயிலில் நெல்லைக் காலால் கிளற வேண்டும். எனக்கு இது நன்றாகத் தெரியும்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மாமா செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் நின்றுகொண்டு நோட்டில் இன்னும் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். செக்யூரிட்டி தள்ளி நில்லு என்று கையைக் காட்டினான். தள்ளி நின்று எழுதினார்.

"அந்த ஆளு இல்ல மேடம். எங்கப்பா" என்றேன்.

"அப்ப முதுகுல இருக்கறது?"

"அது மைக் செட் ஓனர் பேரு. எங்கப்பா அவர்கிட்ட வேலை பாக்கறாரு. மரியாதையாப் பேசுங்க."

மேடம் ஃபாரத்தை எடுத்து இன்னொரு கட்டின் மேல் வைத்தாள். "சரி, கெளம்பு" என்றாள். நான் துண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்கள் தப்பாக நினைக்காதீர்கள். அவருக்காக ஒன்றும் சொல்லவில்லை. அந்த மேடத்தை ஜெயிக்கவிட எனக்கு மனசில்லை, அவ்வளவுதான். ஆளு ஆளு என்று ரெண்டு தடவை சொன்னாள். எனக்குக் கோபம் வந்தால் வாயில் வருவதைச் சொல்லிவிடுவேன், அது என் சுபாவம்.

வெளியே வந்ததும், "என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"வேணாம்னுட்டாங்க."

"நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டனா?"

"கொஞ்சமா? எல்லாம் உங்களாலதான்."

பஸ் ஸ்டாப் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் போய் ரெண்டு பொட்டலம் தக்காளி சாதம் வாங்கி வந்தார். முட்டையை என் பொட்டலத்தில் வைத்துவிட்டு, அவருக்கு முட்டை சேராது என்றார். மேடம் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் நாலு கேள்வி கேட்பார், எனக்கு அலுப்பு.

இருங்கள் அக்கா, போன். எங்கப்பாதான்.

ஆங், சொல்லுப்பா. ... இல்ல. கிடைக்கல. ... கையெழுத்தா? போடல. ... நான் இல்லப்பா, அவர் போடல. ... காட்டின எடத்துல போட்டுட்டு வர்றதுக்கு என்னவா? உனக்குத் தெரியுமா அதுல என்ன இருந்துச்சுன்னு? ராத்திரி பஸ் மெயின் ரோட்டோட நின்னுரும், தெரியுமா? சர்டிபிகேட்டு ரெண்டு வருஷம் வராது, தெரியுமா? ... ஆமா, நாளைக்கு நான் நர்சிங் சேரணும்னா? ... அது எப்பவோ. ... சரி விடு. வியாழக்கிழமை இன்னொரு கம்பெனி இருக்கு, சுங்குவார்சத்திரத்துல. ... அதுக்கும் அப்பாவோடதான் வரணுமாம். ... நீயா? நீ எதுக்கு? ... லீவு கிடைச்சாலும் வேணாம்பா. நீ எல்லாத்துக்கும் சரின்னுடுவ. ... கோவம்லாம் இல்ல. வெச்சுடறேன், பஸ்ல இருக்கேன்.

ரெண்டு நாள் வேலை போகுமே அவருக்கு, அதனால்தான் வேண்டாம் என்றேன்.

வியாழக்கிழமையும் இந்த மனுஷனைத்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். புது ஆளைப் பிடித்து மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க எனக்குப் பொறுமை கிடையாது. ஆனால் இறங்கும்போது ஒன்று கறாராகச் சொல்லிவிடப்போகிறேன். ஆங்கிலத்தில் எழுதி, ஒயர் பொறுக்கி, மத்தியானம் வரைக்கும் கால் கடுக்க நின்று, அதற்கப்புறம் நோட்டை எடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம். கேட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக எடுக்கட்டும். எல்லாவற்றையும் அங்கேயே கேட்டுவிட்டால் பத்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.